அம்மாவை எந்த இல்லத்தில் சேர்ப்பது? சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. நான்கு வருடமாக அல்சைமர். மஹால் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வீட்டுமொழி சௌராஷ்டிரம். சின்ன வயதிலிருந்தே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். பொழுது சாய்ந்தால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. மதுரைக்கு வெளியே இரண்டு இல்லங்கள் பார்த்தோம். ஒன்று மூன்று மாடி, பளபளவென்று கிரானைட் தரை, ஏசி, 40 படுக்கை. இன்னொன்று முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு, 14 பேர், கொஞ்சம் இருட்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் முதல் இடத்தையே சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்:

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் மனம் ஓட்டு வீட்டின் பக்கம் சாய்கிறது. அந்த இருட்டைச் சரிசெய்ய அவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நமக்கு ஒரு இடம் ஒத்துவரவில்லை என்றால் எப்படியாவது சமாளிப்போம். வெளிச்சம் போதாவிட்டால் சுவிட்சைத் தேடுவோம், சத்தம் தாங்காவிட்டால் எழுந்து போவோம், கழிவறை எங்கே என்று யாரையாவது கேட்போம். டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், வந்தவரிடமிருந்து பறிபோவது இந்தச் சமாளிக்கும் திறன்தான். லாட்டன், நாஹெமோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-லேயே இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள்: ஒருவருடைய திறன் குறையக் குறைய, அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சுற்றியிருக்கும் இடமே அதிகம் தீர்மானிக்கும். ஆகவே ‘அடம் பிடிக்கிறார்’, ‘ராத்திரி தூங்குவதில்லை’, ‘கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறார்’ என்று ஒரு இல்லம் உங்களிடம் புகார் சொன்னால், அதில் பாதியாவது அந்த இடத்தைப் பற்றிய புகாராக இருக்கும். இடம் என்று நான் சொல்வதில் சுவரும் தரையும் மட்டுமல்லாமல் வெளிச்சம், சத்தம், பேசும் ஆள், அங்கே ஓடும் கடிகாரம் எல்லாமே சேர்த்தி.

வெளிச்சத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இல்லங்கள் கோட்டைவிடுவது அங்கேதான். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குப் போகிறது. கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்து, பாவை சுருங்கிவிடுகிறது. நமக்குப் போதும் என்று படும் அறை அவர்களுக்கு அந்திக் கருக்கல். அந்தக் கருக்கலில் கொடியில் தொங்கும் வேட்டி ஆளாகத் தெரியும், நாற்காலியின் நிழல் நாயாகத் தெரியும். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் 189 பேரை வைத்து நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பகல் முழுக்கக் கூடத்தில் சுமார் 1000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைத்தவர்களுக்கு, 300 லக்ஸில் இருந்தவர்களைவிட மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைவாக இருந்தன. நினைவுத்திறன் சரிவதும் சற்று மெதுவானது. நம் ஊர்க் கூடத்தில் ஒற்றை டியூப்லைட் போட்டால் நூறு லக்ஸைத் தொடுவதே கஷ்டம். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியமாக இராது, ஆனால் 80-க்கும் 500-க்கும் வித்தியாசம் காட்டிவிடும். அம்மா உட்காரப்போகும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, முகத்தின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள்.

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் செலவில்லாத வழியும் இருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அரைமணி நேரம் முற்றத்திலோ திண்ணையிலோ உட்காரவைத்தால் எந்த விளக்கும் கொடுக்க முடியாத வெளிச்சம் கிடைக்கும், ராத்திரித் தூக்கமும் ஒழுங்குக்கு வரும். மூன்றாம் மாடியில் திரைபோட்ட ஏசி அறையில் இருப்பவருக்கு இது கிடைக்காது. லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். தினமும் யார் கூட்டிக்கொண்டு இறங்குவார் என்று கேளுங்கள்.

அடுத்தது தரை. உங்கள் உறவினர்களுக்குப் பிடித்துப்போன அந்தக் கிரானைட்தான் எனக்கு முதல் கவலை. விளக்கு பட்டுப் பளபளக்கும் தரை டிமென்ஷியா வந்தவருக்குத் தண்ணீர் தேங்கியதுபோலத் தெரியும். கால் வைக்கத் தயங்குவார், இல்லையென்றால் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பார். வாசற்படியில் அழகுக்கு ஒரு கறுப்புக் கிரானைட் பட்டை பதிப்பது நம்மூர் வழக்கம். அது பள்ளமாகத் தெரியும். கறுப்பு மிதியடியும் அப்படித்தான். தாண்டுவதற்காகக் காலை அகலமாக எடுத்துவைக்கும்போதுதான் விழுகிறார்கள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரையும் ஒட்டுக்கோலமும் பார்க்க அழகு, ஆனால் சிலர் கீழே ஏதோ கிடக்கிறது என்று குனிந்து எடுக்கப் பார்ப்பார்கள். ஒரே நிறத்தில், பளபளப்பில்லாத, வழுக்காத தரை வேண்டும். சுவருக்கும் தரைக்கும் நிறம் நன்றாக வேறுபட வேண்டும். ஓட்டு வீட்டில் சிவப்புச் சிமெண்ட் தரை என்றால் ரொம்ப நல்லது. அங்கே ஆபத்து உயர்ந்த நிலைப்படி. அதற்கு இரண்டு பக்கமும் சரிவு கட்டச் சொல்லலாம். முடியாவிட்டால் படியின் விளிம்புக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும்.

கழிவறையை ரொம்ப நிதானமாகப் பாருங்கள். கட்டிலில் படுத்திருக்கும் இடத்திலிருந்து கழிவறைப் பீங்கான் கண்ணில் படுகிறதா? படாத கழிவறை அவர்களுக்கு இல்லாத கழிவறை. கண்ணில் பட்டால் பயன்பாடு கூடுகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ராத்திரி கதவைத் திறந்துவைத்து உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே போதும், பாதி ஈரப் படுக்கை நின்றுவிடும். வெள்ளை டைல்ஸ் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான் என்றால் எங்கே உட்காருவது என்றே தெரியாது. நீலத்திலோ சிவப்பிலோ ஒரு சீட் மாட்டினால் தெரிந்துவிடும், சில நூறு ரூபாய்தான் செலவு. சீட்டின் உயரம் 17 முதல் 19 அங்குலம், கைப்பிடிக் கம்பி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனம், சுவரின் நிறத்திலிருந்து வேறான நிறம். துண்டு காயப்போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டினால் நம்பாதீர்கள், பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். வாளியும் செம்பும் கண்முன் இருக்க வேண்டும். அறுபது வருடம் குந்தி உட்கார்ந்து பழகியவருக்கு மேல்நாட்டுப் பீங்கான் என்னவென்றே புரியாமல் போகலாம், சுவரில் படம் ஒட்டுவதைவிடப் பக்கத்தில் கிடக்கும் செம்பு அதிகம் உணர்த்தும். கதவில் பலகை மாட்டினால் நான்கடி உயரத்துக்குள் மாட்டவேண்டும். கூன் விழுந்த பார்வை அதற்குமேல் போகாது. எழுத்தோடு படமும் வேண்டும்.

குளியல் நேரத்துச் சண்டையும் பெரும்பாலும் இடத்தால் வருவதுதான். தலைக்குமேலிருந்து ஷவர் கொட்டினால் எங்கிருந்து தண்ணீர் விழுகிறதென்று தெரியாமல் பயந்து அடிப்பார்கள். உட்கார ரப்பர் கால் வைத்த முக்காலி, பதமான வெந்நீர், தோளைச் சுற்றி ஒரு துண்டு. செம்பை அவர் கையிலேயே கொடுத்து, முதலில் காலில் ஊற்றச் சொல்ல வேண்டும். கண்ணாடியை மூடிவைக்கச் சொல்லுங்கள். அதில் தெரியும் கிழவி யாரோ அந்நியர் என்று நினைத்து, ‘ஆள் நிற்கிறபோது எப்படிக் குளிப்பது’ என்று மறுப்பவர்கள் உண்டு.

சாப்பாட்டுத் தட்டைச் சொல்லாமல் விட முடியாது. எவர்சில்வர் தட்டில் மேலே எரியும் விளக்கு பளீரென்று விழுகிறது. அதன் நடுவே வெள்ளைச் சோறு, வெள்ளைத் தயிர். வெள்ளை மெலமைன் தட்டில் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தாலும் இதே கதை. கண் மங்கியவருக்கு அங்கே சாப்பாடே இல்லை. பாதியை வைத்துவிட்டு எழுந்தால் ‘பசியில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். அமெரிக்காவில் பாஸ்டனில், முற்றிய அல்சைமர் உள்ள ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டையும் டம்ளரையும் மாற்றி அடர்சிவப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு 25 சதவீதமும், குடிக்கும் அளவு 84 சதவீதமும் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம் வீட்டிலேயே நாளை செய்து பார்க்கலாம். நம் வாழையிலை இந்த வேலையை நன்றாகவே செய்கிறது, பச்சையில் வெள்ளைச் சோறு எடுப்பாகத் தெரியும். இலையில் கை வழுக்கினால் விளிம்பு உயர்ந்த நீலத் தட்டு நல்லது. ஒரே நேரத்தில் ஐந்து வகை பரிமாறாமல், ஒவ்வொன்றாக வைப்பது மேல். தாளிக்கும் வாசனை கூடத்துக்கு வருகிறதா என்று மூக்கால் பாருங்கள். வெளியிலிருந்து கேரியரில் வரும் சாப்பாட்டுக்கு முன்னறிவிப்பு இல்லை. கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்கும் வாசனை, மணி என்னவென்று மறந்தவருக்கும் இது சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிடும்.

சத்தம். கூடத்தில் நாள் முழுக்க டிவி சீரியல் ஓடும் இல்லத்தை நான் பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன். திரைக்குள் அழுகிறவளையும் அடிக்கிறவனையும் நிஜமென்று எடுத்துக்கொண்டு பதறுவார்கள். பதறியவருக்கு மாத்திரை கொடுக்கப்படும். எவர்சில்வர் பாத்திரம் உருளும் சத்தம், குக்கர் விசில், மிக்ஸி, நாற்காலி இழுபடுவது, எல்லாம் கிரானைட்டும் வெறும் சுவரும் உள்ள பெரிய கூடத்தில் எதிரொலித்து இரண்டு மடங்காகும். காது மந்தமானவருக்கு இது இன்னும் மோசம், தன்னோடு பேசுகிறவரின் குரலை அந்த இரைச்சலிலிருந்து அவரால் பிரிக்க முடியாது. கூடத்தில் கைதட்டிப் பாருங்கள், ஒலி நீண்டு இழுத்தால் திரைச்சீலை, துணி மெத்தைகள் போதாது என்று அர்த்தம்.

இனி ஆட்கள். என்னைக் கேட்டால் மேலே சொன்ன அத்தனையையும்விட இது பெரிது. டிமென்ஷியா முற்ற முற்ற, பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழி அதிக நாள் நிற்கும். உங்கள் அம்மா இன்று நல்ல தமிழ் பேசினாலும், ஒருநாள் பசிக்கிறது, வலிக்கிறது என்பதைச் சௌராஷ்டிரத்தில் மட்டும்தான் சொல்லக்கூடும். மதுரையில் சௌராஷ்டிரம் தெரிந்த பராமரிப்பாளர் கிடைப்பது நடக்காத காரியமில்லை. பகல் ஷிப்டில் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தண்ணீர், பசி, வலி, கழிவறை, குளிர், வா, உட்கார் என்று ஒரு இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். இப்போது பல இல்லங்களில் வடமாநிலத்துப் பிள்ளைகள்தான் இரவில் இருக்கிறார்கள். அன்பான பிள்ளைகளாக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு விழித்தவரிடம் அவர்களுக்குச் சொல்ல வார்த்தை இருக்காது.

எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றும் காது கொடுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல ‘செல்லம்ல, ஆ காட்டு’ என்று கொஞ்சிப் பேசும்போது முதியவர்களின் எதிர்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாத்தியாராக இருந்தவரை ‘சார்’ என்றும், அப்பத்தா என்று பழகியவரை அப்பத்தா என்றும் கூப்பிடுகிற இடம் நல்ல இடம். டிமென்ஷியா பராமரிப்பை ஆராய்ந்த இங்கிலாந்தின் டாம் கிட்வுட், நோயாளியின் ஆள்தன்மையைத் தேய்க்கும் பழக்கங்களை வரிசைப்படுத்தியபோது, வேண்டுமென்று செய்யும் கொடுமையைவிடச் சாதாரணமாக நடப்பவற்றையே அதிகம் எழுதினார்: அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவது, ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வேலை வாங்குவது, அவரே செய்யக்கூடியதைப் பிடுங்கிச் செய்துவிடுவது. இவற்றைப் பார்க்க அரைமணி நேரம் கூடத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும். எத்தனை பேருக்கு ஒருவர் என்ற கணக்கைவிட, அதே ஆள் தினமும் அதே நான்கைந்து பேரைப் பார்க்கிறாரா என்பதைக் கேளுங்கள். போன தீபாவளிக்கு இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 40 படுக்கை இடத்திலும் எட்டு, பத்துப் பேராகப் பிரித்து, தனித்தனிக் கூடம், தனித்தனி ஆட்கள் என்று நடத்தினால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி போய்விடும். நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரில் உள்ள ஹோகேவேக் என்ற டிமென்ஷியா குடியிருப்பு, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வாழும் பெரிய இடம்தான், ஆனால் ஆறேழு பேர் ஒரு வீடு என்று பிரித்து, அந்தந்த வீட்டிலேயே சமைக்கிறார்கள்.

தலைப்பில் ஐந்து மணி என்று சொன்னதற்கு வருகிறேன். இல்லங்கள் உங்களைக் காலை பதினோரு மணிக்கு வரச்சொல்லும். குளித்து, பொட்டுவைத்து, எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரம் அது. நீங்கள் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை இருந்து பாருங்கள். பகலின் களைப்பு, வெளிச்சம் விழுவது, நிழல் நீளுவது எல்லாம் சேர்ந்து தவிப்பு ஏறும் நேரம் அதுதான். பல இடங்களில் ஷிப்ட் மாறுவதும் அப்போதே. பகலில் பார்த்த முகம் பையை மாட்டிக்கொண்டு ‘நான் வீட்டுக்குப் போறேன்’ என்று கிளம்புகிறது. அதைப் பார்க்கும் உங்கள் அம்மாவுக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்? ஷிப்டை இரண்டு மணிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். பொழுது சாயுமுன்பே, ஐந்தரைக்கெல்லாம், எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் உருவங்களும் மறையும். ‘இதுதான் உங்கள் வீடு’ என்று வாதாடாமல், கூடவே இரண்டு சுற்று நடந்து, ‘விளக்கேத்துற நேரமாச்சு, வாங்க’ என்று திரும்பிக் கூட்டிவருகிறார்களா? திரும்பிவரும் வழி இருக்கிறதா? முட்டுச்சுவரில் முடியும் நடைபாதை கோபத்தைக் கிளப்பும். முற்றத்தைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேரும் தாழ்வாரம், இதற்கென்றே கட்டியதுபோல. நம் பழைய வீடுகளில் அது இருக்கிறது, புதுக் கட்டடங்களில் தேடவேண்டியிருக்கிறது. தோட்டம் இருந்தால் வேலியில் அரளி இருக்கிறதா என்று பாருங்கள். அது கடும் விஷம், எதையும் வாயில் போடும் கட்டத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் வேண்டாம். துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லிகை போதும்.

வாசல் கதவு பூட்டியிருப்பது தவிர்க்க முடியாதது. வெளிக்கதவைச் சுவரின் நிறத்திலேயே பூசி, அதன்முன் செருப்போ குடையோ இல்லாமல் வைத்தால் போகும் எண்ணமே குறையும். ஆனால் சாவி எங்கே, இரவு தீப்பிடித்தால் யார் திறப்பார் என்று கேட்காமல் வரக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முழுக்கத் தடைசெய்திருக்கிறது, மற்ற வகையில் கட்டுவதற்கும் கடும் நிபந்தனை விதிக்கிறது. சேலைத் தலைப்பால் நாற்காலியில் கட்டுவதும் கட்டுவதுதான். மாத்திரையால் கட்டுவதும் உண்டு. மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் எச்சரித்தது. ‘இங்கே எத்தனை பேர் தூக்கத்துக்கோ கோபத்துக்கோ மருந்து எடுக்கிறார்கள்?’ என்று நேரடியாகக் கேளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களுக்குத் தாகம் மந்தம், இவர்களுக்குக் கேட்கவும் தெரியாது. மேசையில் பெரிய ஜக் வைப்பதால் பயனில்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை 150 மில்லி வீதம், நிறமுள்ள டம்ளரில், கையில் கொடுக்க வேண்டும். நீர்மோர், பானகம், இளநீர் எதுவானாலும் சரி. சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திடீரென்று குழப்பம் ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. நீர்ச்சத்துக் குறைவாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏசி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓட்டு வீட்டுக்காரரிடம் மே மாதப் பகலில் உள்ளே எத்தனை டிகிரி என்று கேளுங்கள், இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள்.

ஓட்டு வீட்டின் குறைகளான விளக்கு, நிலைப்படி, கழிவறைச் சீட்டு, கம்பி, அரளி எல்லாம் ஒரு கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை. 14 பேர், முற்றம், சமையல் வாசனை ஆகியவற்றை மூன்று மாடிக் கட்டடத்தில் அப்படிக் கொண்டுவர முடியாது. ஒன்று மட்டும்: ஓட்டு வீட்டில் ஆட்கள் கத்துகிறவர்களாகவும், மாடிக் கட்டடத்தில் பொறுமைசாலிகளாகவும் இருந்தால் மாடிக்கே போங்கள், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஏதாவது சந்தேகமோ முறையீடோ இருந்தால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

சேர்க்கும் நாளில் புதுத் துணி, புதுப் போர்வை என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் மேல் வாசம் ஏறிய பழைய தலையணையும் போர்வையும் போகட்டும். அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்ட, இப்போதைய படம் வேண்டாம், முப்பது வயதுப் படமாகக் கொடுங்கள். தன்னை அவர் அந்த முகமாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பாயில் படுத்துப் பழகியவர் என்றால் தடுப்புக்கம்பி வைத்த உயரக் கட்டில் கூடாது, கம்பியைத் தாண்டி இறங்கப்போய் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தாழ்ந்த கட்டில் போதும்.

பெயரும் தேதியும் போனபிறகும் கை பழகிய வேலை வெகுநாள் நிற்கும். ஒரு முழத் துண்டு வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு நூல்கண்டு. ஐந்து மணிக்கு, விளக்கைப் போட்டுவிட்டு, பழக்கப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் ஒரு புள்ளியைக் கிள்ளிப் பிடித்து நூலை அவர் விரலில் கொடுக்கட்டும். முதல் முடிச்சுக்கு மட்டும் உதவி வேண்டியிருக்கும். முடிச்சு தப்பாக விழுந்தால் அவிழ்க்க வேண்டாம், அடுத்த புள்ளியைக் கிள்ளிக் கொடுங்கள்.